என்ன மருந்து அடித்தீர்கள்?

"சொன்னா எல்லாரும் பயந்துருவாங்கம்மா." எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை என்னிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை, எதையோ மூடி மறைக்கிற எண்ணமும் அவர் குரலில் இல்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதனாலேயே அந்த ஒரு வரி போன மழைக்காலத்திலிருந்து என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பூச்சி மருந்து அடிக்கும்போது பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்வதா வேண்டாமா என்பது, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சின்ன நிர்வாக விஷயம். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கத்துப் பெற்றோர்களைப் பள்ளிக்கூடம் என்னவாக நினைக்கிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. மூன்று பக்கம் வயல், நாலாவது பக்கம் வாய்க்கால் கரை ரோடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வயலில் வளை போட்டிருக்கிறதெல்லாம் மேட்டைத் தேடி ஏறும். எங்கள் ஊரில் மேடு என்றால் அது பள்ளிக்கூடம்தான். எலி, தேள், பூரான், சில வருஷம் பாம்பு. இது போக, நூலக அலமாரியில் கரையான், சத்துணவுப் பொருள் வைக்கிற அறையில் கரப்பானும் அரிசி வண்டும். பனைமரத்தில் கதண்டு என்கிற விஷவண்டு கூடு கட்டித் தீயணைப்பு வண்டி வந்து எரித்த கதையும் உண்டு. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இதையெல்லாம் அப்படியே விட முடியாது. மருந்தே அடிக்கக்கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

போன மழைக்காலத்தில் டவுனிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்து அடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பள்ளி திறந்தது. நாலாவது படிக்கிற என் மகன் வீட்டுக்கு வந்ததும் சொன்னான், "கிளாஸ்ல வயக்காட்டு மருந்து வாடை வந்துச்சும்மா." டெல்டாப் பிள்ளைகளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அன்று மதியம் சில பிள்ளைகளுக்குத் தலைவலி. இரண்டொருவர் சாப்பிட்டதும் வாந்தி எடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாரும் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார்கள். மருந்துதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் இங்கே அப்படிச் சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வருவது அந்த டாக்டர் கேட்ட கேள்வியை. என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக அவர் கேட்டது: "பள்ளியில ஏதாவது மருந்து அடிச்சாங்களா? என்ன மருந்து?" கூடப் போயிருந்த ஆசிரியைக்கு அடித்தது தெரியும், என்ன மருந்து என்று தெரியாது. "ஏதோ ஸ்பிரே சார்" என்றிருக்கிறார்.

அந்தக் கேள்வியை டாக்டர்கள் சும்மா கேட்பதில்லை. பூச்சி மருந்து என்று ஒரே வார்த்தையில் நாம் சொல்கிற கூட்டத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விஷங்கள் இருக்கின்றன. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் மாதிரியானவை நரம்புக்கும் தசைக்கும் இடையில் வேலை செய்கிற ஒரு நொதியை முடக்குபவை. எச்சில் ஊறும், வேர்த்துக்கொட்டும், கண்மணி சுருங்கும், மூச்சு திணறும். அதற்கு அட்ரோபின் என்ற முறிமருந்து இருக்கிறது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகைக்குத் தனி முறிமருந்து கிடையாது, வருகிற தொந்தரவுக்கு ஏற்பத்தான் வைத்தியம். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு அந்த வாடையே இளைப்பைக் கிளப்பிவிடும். எலிக்கு வைக்கிற கேக்குகளில் பல, ரத்தம் உறைவதைத் தடுப்பவை. பிள்ளை தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் ரத்தக்கசிவு தெரியவரும், அதற்கு வைட்டமின் கே. ஆக, பெயர் தெரிந்தால் வைத்தியம் ஒரு வழியில் நேராகப் போகும். பெயர் தெரியாவிட்டால் டாக்டர் அறிகுறிகளை வைத்து ஊகிக்க வேண்டும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் உடல் எடைக்கு அதிகமாகக் காற்றை இழுக்கிறார்கள், தரையில் உட்காருகிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள். ஊகித்துக்கொண்டிருக்க நேரம் இருக்கக்கூடாத இடம் அது.

பழி போய் விழுந்த இடம்

அன்று இரவே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. மருந்தைப் பற்றி இல்லை, மருந்து அடித்ததே ஊரில் யாருக்கும் தெரியாதே. "முட்டை கெட்டுப்போச்சாம்." "சாம்பார்ல பல்லி கெடந்துச்சாம்." வாட்ஸாப்பில் ஒருவர் வேறு எந்த ஊரிலோ எடுத்த ஒரு படத்தைப் போட்டு, நம்ம ஸ்கூல் சாப்பாடு என்று எழுதினார். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோனார்கள். சத்துணவு சமைக்கிற அக்கா எங்களுக்கு அடுத்த தெரு. தண்ணீர்க் குழாயடியில் வைத்து ஒருத்தர் அவரிடம், "என்னாத்த போட்டு ஆக்குன நேத்து?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அந்த அக்கா பதில் சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு என் வீட்டுக்கு வந்து, "நான் ஆக்குற சோத்தத்தானே தங்கச்சி என் பேத்தியும் திங்குது" என்று சொல்லி அழுதார்.

பள்ளியில் இருந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை மருந்து அடித்தது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அக்கா மேல் விழுந்த சந்தேகம் அன்றைக்கே கலைந்திருக்கும். ஆனால் முன்னாலேயே சொல்லாத ஒன்றைப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும் என்று அவர்கள் பயந்திருக்க வேண்டும். முதலில் வாயை மூடியதால் அடுத்து வாயைத் திறக்க முடியாமல் போகிறது. அந்த இடைவெளியில் பழி எப்போதும் கீழே இருக்கிறவர் மேல்தான் போய் விழுகிறது. ஆசிரியர்களிடம் போய் யாரும் குழாயடிக் கேள்வி கேட்கவில்லை. பள்ளியிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிற பெண்ணிடம்தான் கேட்டார்கள். எனக்கு இந்த விஷயத்தில் ஆறாமல் இருப்பது இதுதான்.

சமையல்காரர்களை நினைக்கும்போது பீகாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2013 ஜூலை 16 அன்று சரண் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்தவர் சொல்லியும் எடுபடவில்லை என்று அப்போது செய்திகளில் வந்தது. உணவுக்குப் பக்கத்தில் விஷம் வந்து சேர்ந்த கதை நம் நாட்டில் அதுதான் முதல் என்று இல்லை. 1958ல் கேரளத்தில் கப்பலில் வந்த உணவுப்பொருளில் பாராதியான் என்ற பூச்சி மருந்து கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றைக்குப் பூச்சி மருந்துகளைக் கட்டுப்படுத்துகிற 1968ஆம் ஆண்டுச் சட்டம் உருவானதற்குப் பின்னால் அந்தச் சாவுகள் இருக்கின்றன.

ஜூலை 16 என்ற தேதியைக் காவிரிக் கரையில் யாரும் வேறு காரணத்துக்காக மறக்க மாட்டார்கள். 2004ல் அதே தேதியில்தான் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீ கொண்டுபோனது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் போயின. பிள்ளையைச் சேர்க்கப் போகிற ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் கூரையைப் பார்க்கிறார்கள், மாடிப்படி எத்தனை அகலம் என்று பார்க்கிறார்கள், அடுப்படி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பது நம் உரிமை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அலமாரிக்கு அடியில் இருக்கிற டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

"முக்கோணம் என்ன கலரு டீச்சர்?"

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நான் அதில் ஓர் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். அங்கேதான் தலைமையாசிரியை அந்த வரியைச் சொன்னார், எல்லாரும் பயந்துவிடுவார்கள் என்று. அவர் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்துவிட்டால், பிறகு ஊரில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்துதான் காரணம் என்பார்கள். யாராவது மேலே எழுதிப் போடுவார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மருந்தே அடிக்காமல் விட்டு ஒரு பிள்ளையைத் தேள் கொட்டினாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பாடம் நடத்துவதற்கு நடுவில் கட்டடம், தண்ணீர், கழிப்பறை, உணவு, பாம்பு என்று எல்லாவற்றையும் ஒரு பெண்மணியின் தலையில் வைத்திருக்கிறோம். அவருடைய தயக்கம் எனக்குப் புரிகிறது.

நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் பின்னாலிருந்து ஒரு குரல். "என்ன மருந்து டீச்சர் அடிச்சீங்க?" கேட்டவர் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா. கூலிக்கு மருந்து அடிக்கிறவர். பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு குறுவையிலும் சம்பாவிலும் இந்தச் சுற்றுவட்டாரம் பூராவும் அவர்தான் அடிக்கிறார். கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"பூச்சி மருந்துதாங்க" என்றார் டீச்சர்.

"பூச்சி மருந்துல நூறு இருக்கு டீச்சர். கரப்பானுக்கு அடிக்கறது வேற, கரையானுக்கு அடிக்கறது வேற. டப்பாவ பாத்தீங்களா? முக்கோணம் என்ன கலரு?"

மருந்து டப்பாவில் சாய்சதுரக் கட்டத்துக்குள் அடிப்பாதியில் இருக்கும் அந்த நிறத்தை எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் முக்கோணம் என்றுதான் சொல்வார்கள். சிவப்பு இருக்கிறதிலேயே கொடியது, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. டீச்சருக்குத் தெரியவில்லை. அந்த அண்ணன் விடவில்லை, ஆனால் குரலை உயர்த்தவும் இல்லை. மருந்து அடித்த ஆளின் நம்பரை வாங்கி, அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். கரப்பானுக்கு சைபர்மெத்ரின், அலமாரிக் கட்டைக்கு குளோர்பைரிபாஸ் என்று தெரிந்தது. "லிட்டருக்கு எத்தன மில்லி போட்டீங்க? புஸ்தகத்த வெளிய எடுத்துட்டு அடிச்சீங்களா, உள்ள வச்சே அடிச்சீங்களா? தண்ணி டிரம்ம மூடுனீங்களா?" அப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அரிசி மூட்டைக்கு மாத்திரை எதுவும் வச்சீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். நெல்லுக்கு வைக்கிற அந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்று பட்டால் விஷவாயு விடும், முறிமருந்தே இல்லாத விஷம், அதைக் கண்டவர்களும் வைக்கக்கூடாது என்று டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும். "இல்லங்க, அதெல்லாம் வைக்கல" என்று பதில் வந்தது. புத்தகங்களை வெளியில் எடுக்காமலேயே அடித்ததும் தெரிந்தது. அந்த அலமாரிக்குப் பக்கத்து வகுப்பில்தான் தலைவலி வந்த பிள்ளைகள் பெரும்பாலானவர்கள் உட்காருகிறார்கள் என்று வேறொரு அம்மா சொன்னார்.

கூட்டத்தில் அதற்குப் பிறகு ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. அலமாரியை வராந்தாவுக்கு நகர்த்தலாம், தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டு அலசலாம், புத்தகங்களைத் துடைத்துக் காற்றாட வைக்கிறவரை பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம் என்று பேசி முடிவாயிற்று. சமையல் அக்காவைப் பற்றி முட்டை கெட்டுப்போனது என்று பேசியவர்களில் ஒருவர் அங்கேயே எழுந்து, அது தப்பான பேச்சு என்று சொன்னார். அத்தனை நாளாக ஊரில் இருந்த பதற்றம், இரண்டு மருந்தின் பெயர் தெரிந்ததும் அடங்கிவிட்டது.

தலைமையாசிரியை சொன்ன வரி எந்த இடத்தில் தவறுகிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. சொன்னால் பயப்படுவார்கள் என்பதற்குள், பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு இருக்கிறது. எங்கள் பள்ளிப் பெற்றோர் யார்? உரக்கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள். ஒரு மா நிலத்துக்கு எத்தனை டேங்க் என்று கணக்குச் சொல்கிறவர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு ஸ்பிரேயரை எடுக்கிறவர்கள். மருந்து அடித்துவிட்டு வந்தால் குளிக்காமல் பிள்ளையைத் தூக்காதவர்கள். இந்த விஷங்களைப் பற்றி, அவற்றைக் கையில் தொட்டு, மூச்சில் வாங்கி, சிலர் உடம்பைக் கெடுத்துக்கொண்டு, கற்றுக்கொண்டவர்கள். அந்த அறிவு முழுவதும் பள்ளியின் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது. முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அண்ணன் வெள்ளிக்கிழமையே வந்து நின்று, புத்தகத்தை எடுங்கள், டிரம்மை மூடுங்கள் என்று சொல்லியிருப்பார்.

வேறு ஊர்களில்

என் சித்தி மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். இதைப் பற்றிப் பேசியபோது, தன் மகனின் பள்ளியிலிருந்து வருஷா வருஷம் வருகிற ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அந்த வருஷம் பள்ளியில் பயன்படுத்த வாய்ப்பிருக்கிற மருந்துகளின் பெயர், அவற்றில் உள்ள ரசாயனத்தின் பெயர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. 2000ல் கொண்டுவந்த ஒரு சட்டம் அங்கே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் எனக்குத் தெரிய வேண்டும் என்று பெற்றோர் பெயர் பதிந்துகொண்டால், 72 மணி நேரம் முன்னால் தகவல் வரும். அடிக்கிற இடத்தில் 24 மணி நேரம் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், அடித்து 72 மணி நேரம்வரை அதை எடுக்கக்கூடாது. என்ன, எங்கே, எவ்வளவு என்ற பதிவை நாலு வருஷம் வைத்திருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்திலும் பள்ளிகள் கேட்கிற பெற்றோருக்கு 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும்.

பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று சொல்லலாம். ஆனால் இதில் பணம் செலவாகிற வேலை எது? ஒரு பலகை, ஒரு நோட்டு, ஒரு வாட்ஸாப் செய்தி. எங்கள் ஊரிலேயே இந்தப் பழக்கத்துக்கு முன்மாதிரி இருக்கிறது. டெங்கு காலத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அபேட் என்ற கொசுப்புழு மருந்து ஊற்ற வருகிற பெண்கள் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வந்த தேதியை எழுதிவிட்டுப் போகிறார்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாளை முன்னாலேயே பேப்பரில் போடுகிறது. அதைப் படித்து யாரும் பதறியதில்லை, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

அறிவிப்பில் என்ன எழுதுவது

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஓர் அறிவிப்பை நான் எழுதிக் கொடுத்தேன், டீச்சர் சில இடங்களைத் திருத்தினார். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கரும்பலகையில் எழுதுவதற்கும், வாட்ஸாப்பில் போடுவதற்கும், பிள்ளைகள் வீட்டில் படித்துக்காட்டுவதற்கும் அதே வாசகம்தான். இப்படி:

"வருகிற வெள்ளிக்கிழமை மாலை 4.30க்கு மேல் கழிப்பறையிலும் சத்துணவு அறையின் வெளிப்பக்கச் சாக்கடையிலும் கரப்பானுக்கு மருந்து அடிக்கிறோம். மருந்தின் பெயர் இது, முக்கோணத்தின் நிறம் இது. உணவுப் பொருள்களையும் தண்ணீர் டிரம்மையும் முன்னாலேயே வேறு அறைக்கு மாற்றிவிடுவோம். சனி, ஞாயிறு பிள்ளைகளை மைதானத்துக்கு விளையாட அனுப்ப வேண்டாம். ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் சொல்லவும். அடிப்பவரின் உரிமச் சீட்டும் மருந்து டப்பாவின் படமும் அலுவலக அறையில் பார்க்கலாம்."

விளையாட அனுப்ப வேண்டாம் என்ற வரியை நான் அழுத்திச் சேர்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அடித்தால் திங்கள்வரை யாரும் வர மாட்டார்கள் என்பது டவுன் பள்ளிக்குப் பொருந்தலாம். கிராமத்தில் பள்ளி மைதானம்தான் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே வெட்டவெளி. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே மட்டையோடு வந்துவிடுவார்கள், கழிப்பறைத் தாழ்வாரத்தில்தான் பையை வைப்பார்கள். புயல் வந்தால் ஊரே அங்கேதான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியபோது டெல்டா கிராமங்களில் பள்ளிக்கூடத் தரையில்தான் கைக்குழந்தைகளைப் படுக்கவைத்தோம். அந்தத் தரையில் முதல் நாள் என்ன அடித்திருந்தது என்று தெரிந்துகொள்ள அந்தத் தாய்மாருக்குப் பாத்தியதை உண்டு.

உரிமச் சீட்டைக் கேட்டதும் முக்கியம். காசுக்குப் பூச்சி ஒழிப்பு வேலை செய்கிறவர்கள் உரிமம் எடுத்திருக்க வேண்டும் என்று பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. தடை செய்த சரக்கு இன்னும் பழைய டப்பாக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது. வீட்டில் கரப்பானுக்கு அடித்துக்கொண்டிருந்த டைகுளோர்வாஸ், பாம்பு வராமல் இருக்கச் சுவரோரம் தூவிக்கொண்டிருந்த ஃபோரேட் குருணை, இரண்டும் 2020 டிசம்பர் 31லிருந்து நாட்டில் தடை. எலி பேஸ்ட்டில் இருந்த மஞ்சள் பாஸ்பரஸையும் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. பெயரை எழுதிப் பலகையில் போட வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால், இந்தப் பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு யாரும் பள்ளிக்குள் வர மாட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பெயரோடு எழுத வேண்டும் என்றதும், எங்கெல்லாம் மருந்து உண்மையிலேயே வேண்டும் என்று டீச்சரே ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அரிசியை மூடி போட்ட டிரம்மில் கொட்டி மரப்பலகை மேல் ஏற்றினார்கள். சாக்கடை வாய்க்குக் கம்பிவலை அடித்தார்கள். எலி வளைக்குக் கேக் வைக்காமல், வயலில் வைக்கிற தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியையே வேலியோரம் வைத்தார்கள். எறும்புக்குக் கோடு போடுகிற விஷச் சாக்பீஸை வகுப்பறைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். கரும்பலகைச் சாக்பீஸும் அதுவும் ஒரே நிறத்தில் ஒரே மேஜை டிராயரில் கிடந்திருக்கின்றன. கடைசியில் மருந்து அடிக்க வேண்டிய இடம் கழிப்பறையும் சாக்கடையும் மட்டும்தான் மிஞ்சியது.

சுவருக்கு வெளியே

பள்ளிக்குள் அடிப்பதைப் பலகையில் எழுதிவிடலாம். வயலில் அடிப்பதை என்ன செய்வது? கலிஃபோர்னியாவில் 2018லிருந்து பள்ளியைச் சுற்றிக் கால் மைல் தூரத்துக்குள், வார நாட்களில் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிவரை, காற்றில் பரவுகிற மாதிரியான தெளிப்புகளுக்குத் தடை இருக்கிறது. கால் மைல் என்றால் 400 மீட்டர். எங்கள் பள்ளியை நடுவில் வைத்து 400 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் உள்ளே இருப்பது முழுக்க நெல். இலைச்சுருட்டுப்புழு விழுந்துவிட்டால், புகையான் விழுந்துவிட்டால், சனிக்கிழமைவரை பொறுக்கச் சொல்லி ஒரு விவசாயியிடம் கேட்க முடியாது. ஏக்கருக்கு என்ன போட்டிருக்கிறார், எவ்வளவு கடன் என்று எனக்குத் தெரியும், என் அப்பாவும் அதே விவசாயிதான்.

ஆனால் நேரத்தை மாற்றக் கேட்கலாம். எங்கள் பக்கம் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் அடித்து முடிப்பார்கள். முன்பெல்லாம் பிள்ளைகள் ஒன்பது மணிக்குத்தான் பள்ளிக்கு வருவார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் பூராவும் விரிந்த பிறகு, சின்ன வகுப்புப் பிள்ளைகள் எட்டு மணிக்கெல்லாம் வந்து வராந்தாவில் தட்டோடு உட்காருகிறார்கள். பசியோடு வகுப்பில் இருக்க வேண்டாம் என்று வந்த அருமையான திட்டம். அந்த நேரமும் மருந்து அடிக்கிற நேரமும் ஒன்றாகிவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடகிழக்கு மூலையில் இருக்கிற வயலில் அடித்தால் சாரல் நேராக அந்த வராந்தாவுக்குத்தான்.

அந்த வயல்காரர் எனக்குப் பெரியப்பா முறை. போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாயங்காலம் நாலரைக்கு மேல அடிக்கச் சொல்றேன்மா. நம்ம பிள்ளைங்கதான" என்றார். சாயங்காலம் காற்றும் தணிந்திருக்கும், மருந்தும் பயிரில் நன்றாகப் பிடிக்கும் என்று அவரே சொன்னார். ஒரு நாள் முன்னால் டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லவும் ஒத்துக்கொண்டார். "ஆனா இந்த வருஷம் டிரோனுக்குச் சொல்லியிருக்கேன். அவன் எப்ப வருவான்னு எனக்கே தெரியாது. நாலஞ்சு ஊருக்கு ஒரே டிரோன்" என்றார்.

டிரோன் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளில் 43ஆவது விதி வான்வழியாக மருந்து தெளிப்பதைப் பற்றியது. 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், சம்பந்தமில்லாத ஆட்களையும் கால்நடைகளையும் அந்த இடத்துக்குள் விடக்கூடாது என்று அதில் இருக்கிறது. வயலுக்கு மேலே சிறு விமானம் பறந்து தெளித்த காலத்தில் எழுதியது. டிரோன் தெளிப்புக்கென்று மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் தனியாக நெறிமுறையும் வெளியிட்டிருக்கிறது. முதுகில் ஸ்பிரேயர் மாட்டிய அண்ணனை நிறுத்திப் பேசிவிடலாம், அவர் எங்கள் ஊர்க்காரர், அவர் பிள்ளையும் அந்த வராந்தாவில்தான் சாப்பிடுகிறது. டிரோன் ஓட்ட வருகிறவருக்கு எங்கள் பள்ளி எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாது.

அதனால் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எங்கள் பகுதி வேளாண் உதவி அலுவலரைக் கூப்பிட்டிருக்கிறோம். டிரோன் பதிவாகும்போதே, பள்ளியை ஒட்டிய சர்வே எண்கள் என்றால், நாளும் நேரமும் மருந்தின் பெயரும் தலைமையாசிரியையின் போனுக்கு முதல் நாளே வர வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கொடுக்கப்போகிறோம். வரைவைத் தலைமையாசிரியையே எழுதியிருக்கிறார். மருந்து அடிக்கிற அந்த அண்ணன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் தாண்டினால் டிரோனை இறக்கிவிட வேண்டும் என்பதையும் அலுவலரிடம் கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறார்.